கொடுக்காத கை

மெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்த இடம் அதுதான்.

விளாங்குடியில் எங்களுடையது மாடி வீடு. கீழே நானும் என் கணவரும் மகள் கயலும். மாடியில் என் கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் மனைவியை, என் ஓரகத்தியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டுப் பெண். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். குடும்பத்தில் எல்லோரும் என்னை ‘டீச்சர்’ என்பார்கள். சந்தேகம் மட்டும் அவளிடம் கேட்பார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். கயலுக்கு அப்போது ஒன்பது பத்து வயதிருக்கும். சித்தியின் கால்விரலைப் பிடித்து மெட்டியைத் திருகிக்கொண்டே, “இதை எதுக்கு சித்தி போடுறாங்க?” என்று கேட்டாள்.

“அந்த விரல்ல இருந்து ஒரு நரம்பு நேரா கர்ப்பப்பைக்குப் போகுதாம்டா. சும்மாவா வச்சாங்க?”

துணி மடித்துக்கொண்டிருந்த நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அப்படி ஒரு நரம்பு மனித உடம்பில் கிடையாது என்றேன். அதோடு நிற்காமல் ஒரு காகிதத்தை எடுத்து, இடுப்பிலிருந்து பாதம் வரை எந்த நரம்பு எங்கே போகிறது என்று படம் வரைந்து விளக்கினேன். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். அப்புறம் கயல் பக்கம் குனிந்தாள். “அப்ப இதாத்தான் இருக்கும் பாரு. புதுசாக் கல்யாணமாகி வந்த பொண்ணு கொஞ்ச நாளைக்குத் தலையக் குனிஞ்சுக்கிட்டேதான் திரிவா. புது வீடு, புது ஆளுக. யாரையும் நிமிந்து பாக்கக் கூச்சம். அப்ப அவ கண்ணுல படுறது அவ காலு மட்டுந்தான? அங்கயாச்சும் அவளுக்குன்னு மினுங்குறது ஒண்ணு இருக்கட்டும்னு போட்டு விட்டிருக்காக.”

கயல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் படத்தை யாரும் எடுக்கவில்லை. மறுநாள் பெருக்கும்போது நானே எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அவள் பெரிய அழகி ஒன்றும் இல்லை. குட்டை. குரல் கொஞ்சம் கரகரப்பு. எந்நேரமும் வாயில் வெற்றிலை இருக்கும். ஆனால் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், பந்தக்கால் நடும் நாளிலிருந்து அவள் இல்லாமல் ஒரு வேலை நடக்காது. பொண்ணுக்கு ஏன் மஞ்சள் பூசி நலங்கு வைக்கிறோம், முளைப்பாரியைச் சுமந்துபோய் ஏன் தண்ணீரில் விடுகிறோம், தாய்மாமன் ஏன் முதல் மாலை போடுகிறார் என்று யாராவது கேட்டபடி இருப்பார்கள். அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளுவாள். படிக்காமல் வந்த பிள்ளை கேள்விக்கு எழுந்து நின்று விட்டத்தைப் பார்க்குமே, அந்த அளவு நேரம். வகுப்பில் தினமும் பார்க்கிறவள் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும். அப்புறம் “சும்மாவா வச்சாங்க?” என்று ஆரம்பிப்பாள். சுற்றி இருக்கிற பெண்கள் பூக்கட்டுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

இப்போது அவள் மகனோடு ஓசூரில் இருக்கிறாள். மாடி பூட்டிக் கிடக்கிறது. எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் அங்கேயும் போன் போட்டு அவளிடம் கேட்கிறார்கள். என்னிடம் இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மூன்று முடிச்சு விஷயத்தில் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். ஒரு கல்யாணத்தில், முதல் முடிச்சு புருஷனுக்கு, இரண்டாவது மாமியார் வீட்டுக்கு, மூன்றாவது சாமிக்கு என்றாள். இன்னொரு கல்யாணத்தில் மனசு, வாக்கு, உடம்பு என்றாள். மூன்றாவதாக ஒரு கல்யாணம். அந்தப் பொண்ணுக்குத் தன் நாத்தனாரைக் கண்டாலே பயம். நிச்சயதார்த்தத்திலேயே புடவை நிறத்துக்குச் சண்டை போட்டவள் அந்த நாத்தனார். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மீதி இரண்டையும் அவள்தான் வந்து போடுவாள் என்று தெரிந்து, அலங்காரம் பண்ணும்போதே பொண்ணு நடுங்கிக்கொண்டிருந்தது. என் ஓரகத்தி அதன் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்தபடி சொன்னாள்:

“ஒரு முடிச்சுத்தான் மாப்ள போடுறாரு. ரெண்டு முடிச்சு அவரு அக்கா போடுது. ஏன் தெரியுமா? நாளைப்பின்ன தம்பி உன்னைய அழ வச்சான்னா, மொதல்ல அந்த அக்காதான் வந்து பதில் சொல்லணும். உன்னைய அவ கையிலதான் ஒப்படைக்கிறாக. சும்மாவா வச்சாங்க?”

அந்த நாத்தனாரும் அங்கேதான் நின்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஏதோ பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி நிமிர்ந்துகொண்டு, பொண்ணுக்கு ஜூஸ் கொண்டு வரச் சொல்லி யாரையோ விரட்டினாள்.

பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து நான் கேட்டேன். “போன கல்யாணத்துல வேற என்னமோ சொன்னியே?”

“அது அந்தப் பொண்ணுக்குக்கா.”

“முடிச்சு எல்லாருக்கும் ஒண்ணுதான?”

அவள் சிரித்துக்கொண்டே என் இலைக்கு இன்னொரு அப்பளம் வாங்கிப் போட்டாள். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு கோடை விடுமுறையில் நூலகத்துக்குப் போய், கல்யாணச் சடங்குகளைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்தேன். அடுத்த கல்யாணத்தில் நாலு பெண்கள் கூடியிருந்த இடத்தில், தாலி கட்டும் வழக்கம் எப்போது வந்தது என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை, பழைய காலத்தில் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு மாதிரி இருந்திருக்கிறது, நிறையச் சடங்குகளுக்கு இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லவே முடியாது என்று விளக்கினேன். அத்தனையும் சரியான தகவல். “சாப்பாட்டுக்குக் கூப்பிடுறாக டீச்சர்” என்று எழுந்து போய்விட்டார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கயலை எப்படி விட்டுக்கொடுப்பது? என்னிடம் பேசும்போது ‘நீங்க’ என்பாள். அவளிடம் ‘நீ’. தலைவலி என்றால் என்னிடம் மாத்திரை கேட்பாள்; மனசு சரியில்லை என்றால் மாடிக்குப் போய்விடுவாள். கீழே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு, மேலே இரண்டு பேரும் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தத் தாள்களில் மார்க் கொஞ்சம் குறைவாகத்தான் விழுந்திருக்கும்.

கயல் கல்லூரியில் படிக்கும்போது என் கணவர் மாரடைப்பில் இறந்தார். மறு வருஷம் சித்திரை வந்தது. மீனாட்சி கல்யாணத்தன்று, அம்மன் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில், மதுரையில் இருக்கிற பெண்கள் தங்கள் தாலிக் கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் கீழ்க் கூடத்தில் டிவியைப் போட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாற்றுவோம். எனக்கு நம்பிக்கை கிடையாது. அவள் கூப்பிடுவாள் என்று உட்காருவேன். அந்த வருஷம் அவள் கீழே வரவில்லை. மாடியில் டிவி சத்தம்கூட இல்லை. மத்தியானம் பானகம் கொண்டு வந்தாள். முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள். ஆனாலும் பிடரியில் புது மஞ்சள் கயிறு தெரிந்தது.

“எதுக்கு ஒளிக்கிற?” என்றேன்.

“ஒளிக்கலக்கா.”

“எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லுவியே. உன் கழுத்துல இருக்கு, என் கழுத்துல இல்ல. இதுக்கு ஒண்ணு சொல்லு பாப்போம்.”

அவள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்து எறியலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. என் புருஷன் போனதில் அவள் தப்பு என்ன இருக்கிறது? ஆனாலும் வந்தது.

அதற்கப்புறம் எழுமலையில் ஒரு கல்யாணம். என் நாத்தனாரை, அதாவது என் கணவரின் அக்காவை, அந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. அவர் வீட்டுப் பக்கத்துச் சொந்தத்தில் ஒரு பொண்ணுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பொண்ணு. மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது அப்பா கையைப் பிடித்துக் கொடுப்பார், அம்மா தண்ணீர் ஊற்றுவாள். புருஷனை இழந்தவள் என்பதால் அந்த அம்மாவை மேடைக்கு விடவில்லை. சித்தப்பாவும் அவர் மனைவியும் ஜோடியாக உட்கார ஏற்பாடு. அம்மா ஊற்றாவிட்டால் ரூமை விட்டு வர மாட்டேன் என்று பொண்ணு அழுதது. வழக்கம்போல என் ஓரகத்தியைத் தேடி வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

“மீனாட்சிக்கே அப்பா கிடையாதுல்ல?” என்று அந்தப் பொண்ணின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “ஆத்தா காஞ்சனமாலை இருந்தாக. இருந்தும் தாரை வாத்தது யாரு? அண்ணன் அழகரு. கோயில் தூண்ல செலையாவே இருக்கே, பாத்ததில்ல? ஏன் ஆத்தாவ ஊத்த விடல? குடுத்த கை திருப்பி வாங்க முடியாதுடா. நாளைக்கு உனக்கு ஒரு கஷ்டம்னா, ‘வாத்தா’ன்னு நீட்டுறதுக்கு, உன்னையக் குடுக்காத கை ஒண்ணு வீட்ல இருக்கணும். அதுக்குத்தான் உங்க அம்மா கையப் பத்திரமா வச்சிருக்காக.”

பொண்ணு எழுந்து மேடைக்குப் போனது. தூண் ஓரம் நின்ற அந்த அம்மா இவளைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அதே தூண் ஓரத்தில்தான் நின்றேன். மீனாட்சி கதையில் அப்படி ஒரு காரணம் எங்கேயும் கிடையாது, இவள் இப்போதுதான் கட்டினாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதுதான் கொடுமை.

கயலுக்கு வைகாசியில் முகூர்த்தம் குறித்தோம். பேசி முடிக்க எழுமலையிலிருந்து நாத்தனார் வந்தார். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். யார் யார் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், “தாரை வாக்கிறதுக்குச் சின்னவனும் அவன் பொண்டாட்டியும் உக்காரட்டும்” என்றார்.

“நான் ஊத்துறேன் மதினி” என்றேன். 

அந்த ஒன்றைத்தான் நான் கேட்டேன். புடவை, நகை, மண்டபம், சாப்பாடு எதிலும் நான் வாயைத் திறக்கவில்லை. சடங்குகளில் நம்பிக்கை இல்லாதவளுக்கு இது மட்டும் எதற்கு என்று கேட்கலாம். நான் பெற்ற பெண்ணை என் கையால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

“உனக்கு ஆசை இருக்காதா டீச்சர்? ஆனா எழுமலையில இவ என்ன சொன்னா? கேட்டுக்கிட்டுத்தான நின்ன? குடுக்காத கை ஒண்ணு வீட்ல இருக்கணும்ல? நாளைக்கு நம்ம புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு கைய நீட்டுறது?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தட்டில் வெற்றிலையைக் காம்பு கிள்ளி அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. மேடையில் இடம் கிடைக்கிறது என்றதும் வாயை மூடிக்கொண்டாள் என்று நினைத்தேன். கயல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “யார் ஊத்துனா என்னம்மா, சித்திதான?” என்றாள். அந்தச் ‘சித்திதான’ எனக்கு எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. எழுமலையில் அவள் சொன்னது பொய் என்று நான் சொல்லியிருக்கலாம். பொறாமையில் பேசுகிறேன் என்பார்கள். பொறாமைதான். அதற்காகப் பொய் உண்மையாகிவிடுமா?

கல்யாணத்தன்று மேடைக்குக் கீழே முதல் வரிசையில் என்னை உட்கார வைத்தார்கள். அவள் அரக்குப் பட்டு கட்டி, கொண்டை போட்டு, கனகாம்பரம் வைத்து, என் கொழுந்தன் பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வாயில் வெற்றிலை இல்லை. உண்மையைச் சொன்னால், அம்மா மாதிரியே இருந்தாள். கயலின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, மேலே தேங்காயும் வெற்றிலையும் வைத்து, கொழுந்தன் பிடித்துக்கொண்டார். ஐயர் செம்பை அவள் கையில் கொடுத்து, “ஊத்துங்கோம்மா” என்றார்.

அவள் ஊற்றவில்லை. என் பக்கம் திரும்பி, “அக்கா, மேல வாங்க” என்றாள்.

ஏதோ எடுத்து வைக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று எழுந்து போனேன். அவள் மணையை விட்டு எழுந்து, செம்பை என் கையில் வைத்தாள். 

“ஏத்தா, என்ன பண்ற நீ?” என்று நாத்தனார் முன்னால் வந்தார்.

“அக்கா ஊத்தட்டும் மதினி.”

“நீதான எழுமலையில சொன்ன, பெத்தவ கை குடுக்கக் கூடாதுன்னு?”

“சொன்னேன். அந்தப் புள்ள ரூமை விட்டு வர மாட்டேன்னு அழுதுச்சு. அதுக்காக நானாச் சொன்னது.”

“நீயாச் சொன்னதா? அப்ப நெசமான அர்த்தம் என்ன?”

“இதுக்கு அர்த்தமே கிடையாது மதினி. எம்புட்டோ யோசிச்சுப் பாத்துட்டேன். உங்க தம்பி செத்துட்டாக. அதுக்கு அக்காவக் கீழ உக்கார வச்சிருக்கோம். அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் இதுல இல்ல.”

ஐயருக்கு முன்னால் மைக் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. மூன்று முடிச்சுக் கதையைக் கேட்டுவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒரு சொந்தக்காரப் பெண் மேடை ஓரத்தில் நின்றாள். “அப்ப அந்த நாத்தனார் முடிச்சு?” என்றாள்.

“அதுவும் நான் சொன்னதுதான். மெட்டி, முளைப்பாரி, எல்லாமே நானாச் சொன்னதுதான்.”

சொன்னபோது அவள் முகம் வெளிறியிருந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ராணி மாதிரி வலம் வந்தவள், அத்தனை சொந்தத்துக்கும் முன்னால் தான் சொன்னதெல்லாம் பொய் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாள். யாரோ சிரித்தார்கள். நாத்தனார் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

“யாராவது ஒருத்தர் ஊத்துங்கோ. நாழியாறது, முகூர்த்தம் தாண்டிடும்” என்றார் ஐயர்.

முகூர்த்தம் என்றதும் நாத்தனார் நகர்ந்துகொண்டார். நான் ஊற்றினேன். கயலின் விரல் வழியாக மாப்பிள்ளை கைக்கும், அங்கிருந்து தட்டுக்கும் தண்ணீர் இறங்கியது. கயல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். மூக்கைத் துடைக்கக்கூடக் கை ஒழியவில்லை.

சடங்குகளுக்கு அர்த்தம் தேடாதீர்கள் என்று இந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டதிலிருந்து நான் சொல்லி வருகிறேன். ஒருத்தர் காதில் வாங்கியதில்லை. அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள், மண்டபமே கேட்டது. இதையும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன். “இதை வீட்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“வீட்ல சொன்னா மதினி வேற ஒரு ஜோடியக் கூட்டியாந்திருப்பாக. எழுமலையில ஆளா இல்ல? மேடையில அதுக்கு நேரம் கிடையாதுக்கா.” தாம்பூலப் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து இடுப்பில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நன்றி என்று சொல்லத்தான் நினைத்தேன். இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற எரிச்சலில் அது வரவே இல்லை.

கல்யாணமாகி முதல் ஆடி வந்தது. புதுப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துவரும் மாதம். நானே சீர்த் தட்டோடு போய்க் கயலைக் கூட்டி வந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கியவள், பையைத் தூக்கிக்கொண்டு நேராக மாடிப்படிக்குப் போனாள்.

“ஏய், எங்க போற? வீடு இங்க இருக்கு.”

“நீங்கதான் என்னையக் குடுத்துட்டீங்களேம்மா” என்றாள் சிரித்துக்கொண்டே. “குடுக்காத கை சித்தியோடதுதான? இனிமே நான் திரும்பி வர்ற வீடு மாடிதான்.”

“அது அவளாக் கட்டுன கதைன்னு அவளே மைக்ல சொன்னாளே.”

“சொன்னா என்ன? எனக்குப் பிடிச்சிருக்கு.”

இரண்டு இரண்டு படியாக ஏறிப் போய்விட்டாள். மேலே கதவு திறக்கும் சத்தமும், “வாத்தா” என்ற கரகரப்புக் குரலும் கேட்டன. வேண்டும் என்று நின்று, எல்லோருக்கும் முன்னால் அழுது, என் கையாலேயே ஊற்றி, என் மகளை நான் யாருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்டோவுக்குப் பணம் கொடுத்து அனுப்பினேன். அப்புறம் உள்ளே போய், காபி கலந்து, மூன்று டம்ளரையும் தூக்கிக்கொண்டு நானும் மாடி ஏறினேன்.